எர்த்து

வண்டியை அணைத்தால் பேசுகிறது,
கிளப்பினால் அழுகிறது.
ரேடியோவைத்தான் சொல்கிறேன்.

பதினெட்டு வருசத்து ஆம்னி.
விடிகாலை நாலரைக்குக் காசிமேட்டில் ஏறுவார்கள்
இறால் உரிக்கும் பெண்கள் ஏழு பேர்,
அவர்களுடைய தூக்குவாளிகள், கையுறைகள்,
கையுறைக்குள்ளும் போகாத வாடை.
எண்ணூர் கம்பெனி வாசலில் இறக்கிவிட
ஆளுக்கு முப்பது ரூபாய்.

நாலே முக்காலுக்கு மீனவர்களுக்கான அறிவிப்பு.
வணக்கம் வரைக்கும் சுத்தமாக இருக்கும்.
அப்புறம் நான் ஆக்சிலேட்டரை மிதிப்பேன்.
ஸ்பீக்கருக்குள் கொசு ஒன்று எழுந்து
மிதிக்க மிதிக்கக் குரல் ஏற்றும்.
காற்றின் வேகம் மணிக்கு
ஙீஙீஙீ
கிலோமீட்டர்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு
எண்ணை மட்டும் தின்னும் கொசு.

அதனால் தினமும் திருச்சினாங்குப்பம் வளைவில்
ஓரங்கட்டிச் சாவியைத் திருப்புவேன்.
அறிவிப்பை இரண்டு தரம் படிப்பார்கள்.
இரண்டாம் தரம் எண் வந்து விழும்.
பின்சீட்டில் யாராவது மூச்சு விடுவார்கள்.
கிளப்புவேன்.

"வண்டிக்குக் காத்து கருப்பு எதுனா இருக்கப்போவுது"
என்றாள் ஸ்டெல்லா.
எலுமிச்சம்பழம் வைத்தும் பார்த்தோம்.
நசுங்கியது, அவ்வளவுதான்.

டோல்கேட் இத்ரீஸ் காதைக் கொடுத்துக் கேட்டான்.
"டிக்கு டிக்குனா பிளக்கு,
ஙீன்னா ஆல்டர்னேட்டர்,
உனக்கு ரெண்டும் கீதுக்கா."

பிளக் ஒயர் மாற்றினான்.
டிக்கு போனது.
அறுநூற்றைம்பது ரூபாயும் போனது.

ஹெட்லைட்டைப் போடச் சொன்னான்,
கொசு இன்னும் கத்தியது.
ஆன்டெனாவைப் பிடுங்கினான்,
ஸ்டேஷன் செத்தது, கொசு சாகவில்லை.
"அப்ப காத்துல வரல, கம்பியில வருது."
ஆல்டர்னேட்டரில் கட்டைவிரல் அளவுக்கு
ஒரு கண்டென்சர் மாட்டினான்.
கொசு கொஞ்சம் இளைத்தது.

கடைசியில் டிரைவர் சீட்டைத் தூக்கினான்.
ஆம்னிக்கு இன்ஜின் அங்கேதான்.
இத்தனை நாள் நான் அதன் மேல்தான்
உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மீட்டர் முள்ளை ஒரு முனையில் பேட்டரியிலும்
மறு முனையில் இன்ஜினிலும் வைத்து
உதட்டைப் பிதுக்கினான்.
"எர்த்தே இல்லக்கா."
"கீழ இவ்ளோ பூமி கீதே" என்றேன்.
சிரிக்கவில்லை. வேலையில் இருந்தான்.

பின்னல் போட்ட ஒயர் ஒன்று,
இன்ஜினையும் பாடியையும் சேர்ப்பது,
உப்புக் காற்று தின்று பச்சை பூத்து
ஒரே ஒரு இழையில் தொங்கியது.
எமரித்தாள் தேய்த்த இடத்தில் இரும்பு
பல் விளக்கியதுபோல் வெளுத்தது.
புது ஒயர், புது போல்ட், மேலே கிரீஸ்.

"அனல்மின் டவருக்குக் கீழ போறப்ப
கரகரன்னு வந்தா என்னாண்ட வராத.
அது கவர்மென்ட்டு சத்தம்."

வீட்டுக்கு ஓட்டி வரும்போது
மூன்றாவது கியரில் வண்டி குலுங்கி நின்றது.
இத்தனை நாளும் கொசுவின் குரலைக் கேட்டுத்தான்
கியர் மாற்றியிருக்கிறேன்போல.
தெரு நடுவில் நான் நிற்க,
பின்னால் வந்த தண்ணி லாரிக்காரன்
என் குடும்பத்தையே விசாரித்தான்.

மறுநாள் நாலே முக்கால்.
இன்ஜின் ஓடுகிறது.
காற்றின் வேகம் மணிக்கு
ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து கிலோமீட்டர்.
இடையிடையே எழுபத்தைந்து.

ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை.
அறிவிப்பாளர் பக்கம் புரட்டுவதுகூடக் கேட்டது.

ஸ்டெல்லாவின் ஆள் போய் நாலு நாள்.
ஏகவள்ளிக்கு ரெண்டு பிள்ளைகளும் ஒரே போட்டில்.

வளைவு வந்தது.
இனி நிறுத்த வேண்டியதில்லை என்று
நேற்றே எல்லாரிடமும் பெருமை அடித்திருந்தேன்.
தாண்டப் போனேன்.

"ஆஃப் பண்ணு டெல்பின்"
என்றாள் ஏகவள்ளி,
"இன்ஜின் சத்தத்துல சரியா வுழல.
இன்னொரு தரம் படிப்பான்."

ஓரங்கட்டினேன்.
சாவியைத் திருப்பினேன்.