முள்

எஸ்கனாபாவில் பெட்ரோல் போட நின்றோம்.
பங்க் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர்
பின் இருக்கைப் பெட்டியை எட்டிப் பார்த்து
"உள்ளே நாய்க்குட்டியா?" என்றார்.
யூஃபோனியம் என்றேன்.
"டியூபாவுக்குத் தம்பியோ?"
டியூபா வாசிக்கும் டெசா சொன்னாள்:
"ஆமாம். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை."

மார்ச் மாதம். சாலையோரம் முழுக்க
அழுக்கேறிய பனி.
இப்படிப்பட்ட பனியைத் தள்ளித்தான்
இரண்டு குளிர்காலம், விடிகாலை நான்கு மணிக்கு,
கல்லூரி வண்டி நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றிச்
சேர்த்தேன் மூவாயிரத்து எழுநூறு டாலர்.
மீதிக்குக் கடன் சங்கம்
முப்பத்தாறு தவணை கொடுத்திருக்கிறது.
பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகும்
மாதம் தவறாமல் என்னைத் தேடி வரும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மா
ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்:
"சிம்பொனியில் அதற்கு நாற்காலி உண்டா?"
எப்போதாவது, என்றேன்,
யாராவது அதற்கென்று எழுதியிருந்தால்
கொண்டுவந்து போடுவார்கள்.
முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.
அம்மா கையிலிருந்த தலையணை உறையை மடித்து முடித்தாள்.
"சரி, போய்ப் பார்த்துவிட்டு வா."

கிரீன் பே.
வாண்டர்லிண்டன் கடையின் பின்னறைக் கம்பளத்தில்
நான்கு வாத்தியங்கள் வாய் கவிழ்ந்து நின்றன,
தலைகுளித்துக் காய்பவர்களைப் போல.

முதலாவது வெள்ளி.
என் முகத்தை அகலமாக்கிக் காட்டியது.
குரல் தேன். விலைச்சீட்டைப் பார்க்காமல் வாசித்தேன்.
பார்த்தேன்.
மெதுவாகக் கீழே வைத்தேன்.

இரண்டாவதில் நாலாம் வால்வு
என் இடது கைக்கு எட்டவே இல்லை.

மூன்றாவது பழையது.
ஏதோ ராணுவ பேண்டில் இருபது வருடம் இருந்ததாம்.
யாருடைய கட்டைவிரலோ தேய்த்துத் தேய்த்து
முலாம் போன இடத்தில்
என் கட்டைவிரல் அச்சாக உட்கார்ந்தது.
கண் கலங்கத் தயாராகிவிட்டேன்.
அடி 'சி'க்கு இறங்கியதும் எங்கோ காற்று கசிந்தது,
ஈரத்தில் உப்பிய கதவை அடைப்பதுபோல.
கதைக்காக ஏழாயிரம் டாலர் தர முடியாது.

நாலாவது மஞ்சள். பெயரைச் சொன்னால்
வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத கம்பெனி.

டெசா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.
மாற்றி மாற்றி வாசித்தேன்.
"முதலாவது" என்றாள்.
மறுபடியும் "முதலாவது".
அவள் காதில் தப்பே இல்லை.

பிறகு நாலாவதில் மேல் எஃபைப் பிடித்தேன்.
ட்யூனரில் முள் இடப்பக்கம் சாய்ந்தது.
சுருதி குறைவு.
எஃபா? குறைவா?
கல்லூரி வாத்தியத்தில் அது ஏறிக்கொண்டே போகும்.
மூன்று வருடமாக நான் இறக்கிக்கொண்டே இருக்கிறேன்:
உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி,
நாக்கைக் கொஞ்சம் கீழே விட்டு,
யாருக்கும் தெரியாமல், பிறகு
எனக்கே தெரியாமல்.

"ஏன் இழுக்கிறாய்?" என்றாள் டெசா, சுவரிடம்.

இழுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள்
வாயை வாத்தியத்துக்கே கொடுத்தேன்.
ஊதினேன். சும்மா விட்டேன்.
முள் நடுவில் வந்து நின்றது,
என் தயவு எதுவும் கேட்காமல்.

அடுத்த முறை மறந்துபோய் மறுபடி திருத்தினேன்.
சாய்ந்தது.
பதினோரு தடவை வாசித்ததில்
நான்கு தடவைதான் என்னை நான் தடுக்க முடிந்தது.
வாத்தியத்தின் கோணலைச் சுமந்து சுமந்து
அதையே என் நேராக்கி வைத்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். ஆறு இடங்களில்.

திரும்பும்போது டெசா ஓட்டினாள்.
மெனோமினி தாண்டி இருட்டு, இடையிடையே ஏரி.
அம்மா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: என்ன நிறம்?
மஞ்சள், என்று அடித்தேன்.
சட்டைப்பையில் ஊதுவாய் இன்னும் சூடாக இருந்தது.
அதை மட்டும் உதட்டில் வைத்து
எஃப், எஃப், எஃப்,
ஈ அடைபட்ட போத்தல் மாதிரி.

"ஐலி, சரியாக இருக்கிறது, நிறுத்து" என்றாள் டெசா.
தூக்கத்தில் சொல்கிறாளோ என்னவோ.
முள் பெட்டிக்குள் இருந்தது.