பதிலுக்கு நின்றவள்

இன்றைய நாளிதழின் ஏழாம் பக்கத்தில்
எனிட் இறந்த செய்தி.
மேலே போட்டிருக்கும் படம் என்னுடையது.

யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.
அதே உயரம், அதே தோள், இரவல் விக்.
தரையில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறியில்
விளக்குகள் சரியாகும்வரை நான் நிற்பேன்.
“போதும் டோர்கஸ்” என்றதும் விலகுவேன்.
என் சூடு ஆறாத இடத்தில்
அவள் வந்து நிற்பாள்.

ஏழு வருடம். பதினோரு படம்.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
மீன்பெட்டிக்கு ஆணி அடித்தவரின் மகள்.
ஸ்டூடியோ அவளுக்கு வெரோனா லைல் என்று பெயர் வைத்தது.
பல்லைச் சீராக்கியது.
பென்சிலைக் கடித்தபடி பேசவைத்து
ஊர்ப்பேச்சை உதிர்க்கச் சொன்னது.
கோபம் வந்தால் மட்டும்
கழுவிய கையில் ஒட்டியிருக்கும் செதிலாய்
ஒரு பழைய சொல் மினுங்கும்.

திங்கட்கிழமைகளில் தாமதமாக வருவாள்.
மேக்கப் அறை மாவிஸ் எதுவும் கேட்கமாட்டாள்.
இரண்டு பூச்சு, காதுக்குக் கீழே இன்னொன்று.
ஒளிப்பதிவாளர் என்னிடம் சொல்வார்:
“முகத்தை இடப்பக்கம் திருப்பு.
இன்றைக்கு இந்தக் கன்னம் மட்டும்தான்.”
அவள் கணவர் ஐவர்
வலக்கைக்காரர் என்று
எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒப்பந்தத்தில் குழந்தைக்கு இடமில்லை.
வெள்ளி இரவு காரில் கூட்டிப்போனார்கள்,
ஞாயிறு கொண்டுவந்து விட்டார்கள்.
திங்களன்று நடனக் காட்சி.
தூரத்திலிருந்து எடுத்ததில் ஆடுவது நான்.
விமர்சகர் ஒருவர்
அவள் கால்களை அன்னம் என்று எழுதினார்.

பிறகு ஃபிளாஸ்க்கில் டீ என்று சொல்லிக்கொண்ட ஜின்.
விடிகாலையில் ஒரு பால்வண்டி,
சாலையெங்கும் கண்ணாடியும் பாலும்,
நடுவில் வெறுங்காலோடு அவள்.
நீதிபதி ஒழுக்கம் பற்றிப் பேசினார்.
ஸ்டூடியோ நாலு வரியில் அவளை நீக்கியது.
எனக்கு அந்த நாலு வரிகூட வரவில்லை.

கடைசியாகப் பார்த்தது க்ளீத்தோர்ப்ஸில்,
கடலோர பிங்கோ கொட்டகையில்.
மைக்கைப் பிடித்து எண்களைக் கூவிக்கொண்டிருந்தாள்.
ஊர்ப்பேச்சு முழுசாய்த் திரும்பியிருந்தது,
அறுபத்தாறைச் சொன்னபோது கிழவர்கள் விசிலடித்தார்கள்.
இடைவேளையில் வெளியே வந்து
என் பொட்டலத்திலிருந்து சிப்ஸ் எடுத்தாள்.
வினிகர் போதாது என்றாள்.
பிறகு,
“அப்போதெல்லாம் உனக்குக் கால் வலிக்காதா?”

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
வலிக்கும் என்றேன்.
“நினைத்தேன்” என்று சொல்லி
உள்ளே போய்விட்டாள்.

பத்திரிகைக்குப் போன் செய்யலாம்.
ரிசீவரை எடுத்துவிட்டேன்கூட.
ஆனால் படத்தில் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.
ஏதோ ஒரு திங்கட்கிழமை.
காட்டாத கன்னமும் சுத்தமாகவே இருந்தது,
எனக்குத்தான் எதுவும் நடக்கவில்லையே.

அவள் பெயருக்கு மேலே
அடிபடாத ஒரு முகம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ரிசீவரை வைக்கிறேன்.
இவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.