பல்லில் தட்டு

எஸ்பியர்க் துறைமுகத்தில்
எனக்குப் பதினோரு மாத வேலை.
காற்றாலை இறக்கைகளின் போல்ட்டுகளை எண்ணிக்
கையெழுத்துப் போட வேண்டும்.
ஞாயிறு மட்டும் என்னுடையது.
அன்று பன்னிரண்டு நிமிடப் படகில் ஃபானோ தீவு.

அங்கே மணல்மீதே பேருந்து ஓடுகிறது.
கடல் எங்கோ தள்ளி நிற்கிறது,
சம்பள நாளன்று கண்ணில் படாத கடனாளி மாதிரி.

புயலுக்கு மறுநாள் வா என்றவள் போடில்,
எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுபவள்.
பாசிக் குப்பையைப் பூட்ஸால் கிளறியபடி சொன்னாள்:
"அம்பரா கல்லா, கண்ணை நம்பாதே.
பல்லில் தட்டு.
கல் டிக்கென்னும். அம்பர் பேசாது."

உப்பும் ஈரமுமாய்
நாற்பது கூழாங்கற்களாவது தட்டியிருப்பேன்.
எல்லாம் டிக்.
பீர் பாட்டில் சில்லு ஒன்று
உதட்டில் கோடு கிழித்தது.
போடில் சிரிக்கவில்லை,
மூக்கு துடைக்கும் காகிதத்தை நீட்டினாள்.
அவள் பையில் அதற்குள் மூன்று,
உளுந்தளவு.

மார்ச்.
விசா முடிய ஒன்பது நாள்.
தட்டினேன், சத்தமில்லை.
இன்னொரு பல்லில். சத்தமில்லை.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கலங்கிய தேன் நிறம்.
கூப்பிட்டுக் காட்டலாமென்றால்
போடிலுக்கு அன்று ஷிப்ட்.
நாயோடு வந்த ஒருவர்
"ஹை" என்று சொல்லிக் கடந்தார்.

கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு
திரும்பும் படகில் நின்றேன்.
கயிறு கட்டுபவர் ஏதோ கேட்டார்.
வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்,
டேனிஷ் நன்றாகத் தெரிந்தவள் போல.