எட்டில் ஒரு பங்கு

அக்டோபர் மூன்றாம் வாரம்
என் படுக்கைக்கு நேர்மேலே
தேநீர் நிறத்தில் ஒரு கறை.
முதலில் காசளவு.
ஞாயிற்றுக்கிழமை தட்டளவு.
திங்கள் இரவு அதற்கு வால் முளைத்தது.

கிளாஸ்கோவில் மழை விருந்தாளி அல்ல,
வாடகை தராமல் தங்கிவிட்ட உறவுக்காரன்.
அதைக் குறை சொல்லிப் பயனில்லை.
தெருமுனையில் பேருந்துக்கு நின்றபடி
அண்ணாந்து பார்த்தேன்.
எங்கள் கூரையோரத்து இரும்புப் பீலிக்குள்
ஒரு மரம்.
மரமேதான்.
முழங்கை உயரத்தில் ஒரு பிர்ச் கன்று,
உதிராமல் மிச்சமிருந்த மஞ்சள் இலைகள் ஒன்பது.

நான்கு தளம், எட்டு வீடு, ஒரே கூரை.
கூரை எல்லாருக்கும் சொந்தம் என்கிறது பத்திரம்.
அதாவது
ஒழுகும்வரை யாருக்கும் சொந்தமில்லை.

கூரைக்காரர் ரானல்ட்
ஏணிச் செலவும் சேர்த்துச் சொன்னது
தொள்ளாயிரத்து அறுபது பவுண்டு.
எட்டால் வகுத்து
ஒரு தாளில் எழுதிக்கொண்டு
மேலிருந்து கீழே இறங்கினேன்.

எதிர்வீட்டு நுஸ்ரத் பேச்சை முடிக்கவிடவில்லை,
நின்ற இடத்திலேயே போனில் பணம் அனுப்பினாள்.
அவள் சமையலறையில்
இரண்டு வாளிகள் சொட்டுச் சொட்டாய்ப்
பேசிக்கொண்டிருந்தன.
இரண்டாம் மாடி போகுஷா,
"எங்க ஊர்ல இதுக்குன்னு ஆபீஸ் இருக்கும்,
அங்கே போய்த் திட்டலாம்.
இங்கே உன்னைத்தான் திட்டணும்"
என்று திட்டிக்கொண்டே கையெழுத்திட்டாள்.
மாணவர்கள் மூவர் வீட்டுக்காரரின் எண்ணைத் தந்தார்கள்.
அது ஏதோ வெயில் ஊரில் மணியடித்தது,
பின்னணியில் கடல்.
ஆனாலும் கொடுத்தார்.

கடைசியாகத் தரைத்தளம் இடதுபக்கம், செங்கா.
கதவை ஒரு சாண் திறந்தாள்.
தாளைப் படித்தாள்.
"மழை என் வீட்டுக்கு வர
மூணு வீட்டைத் தாண்டணும்."
சரி, கஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.
அவள் முடிக்கவில்லை.
"என் பங்கை உனக்குப் போன வருஷமே கட்டிட்டேன்.
படி கழுவும் முறை அட்டை
உன் கதவுல நாலு தடவை தொங்கிச்சு.
நாலு தடவையும் நான் கழுவினேன்.
பனி உறைஞ்சப்ப வாசல்ல போட்ட உப்பும் என் காசு."

இரவுப் பேருந்து ஓட்டுகிறேன்,
பகலில் தூங்குகிறேன்,
அட்டையைக் கண்ணால் பார்த்ததாகவே நினைவில்லை
என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
கைப்பிடியில் தொங்கும் அட்டையைத் தள்ளாமல்
எந்தக் கதவும் திறக்காது.

மாடியேறும்போது கணக்குப் போட்டேன்.
நூற்றிருபதை நாலால் வகுத்தால் முப்பது.
ஒரு தடவை படி கழுவ முப்பது பவுண்டு.
அதிகம்தான்.
பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.
இரண்டு பங்கு கட்டினேன்.

புதனன்று ரானல்ட் பீலியிலிருந்து எடுத்தவை:
மரம், வேரோடு.
இரண்டு வாளி பாசி.
ஒரு டென்னிஸ் பந்து.
ஒரு முள்கரண்டி.
மூன்றாம் மாடிக்கும் மேலே
யார் எதைக் குத்தித் தின்றார்களோ.
அன்று மாலை எட்டு வீட்டிலும்
மேசை இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம்.
யாரும் உரிமை கோரவில்லை.

கறை காய்ந்தபின் வண்ணம் அடி என்றார்.
எப்போது காயும் என்றேன்.
வானத்தைப் பார்த்தார்,
ரசீது எழுதித் தந்தார்.

வெள்ளிக்கிழமை காலை
வேலை முடிந்து வந்தால்
என் கதவில் அட்டை.
தூக்கத்தைத் தள்ளிவைத்து
கெட்டிலை மூன்று முறை கொதிக்கவைத்து
வாளியில் சோப்பு கரைத்தேன்.
படிகள் எத்தனை என்று
பதினோரு வருடத்தில் முதன்முறை எண்ணினேன்.
ஐம்பத்தேழு.
ஒவ்வொன்றின் நடுவும் தேய்ந்து குழிந்திருந்தது.
குழிகளில் அழுக்கு இல்லை,
ஓரங்களில்தான்.

கீழே வந்து சேர்ந்தபோது தண்ணீர் கறுத்திருந்தது.
செங்காவின் கதவு ஒரு சாண் திறந்தது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
படியைப் பார்த்தாள்.

"மூலை விட்டுட்ட."

ஆமாம்.
விட்டிருந்தேன்.