பட்டியலில் இல்லாத அட்டை

நார்வாவில் பிப்ரவரி. ஆறு பாதிதான் உறைந்திருக்கிறது.
ஹெல்சிங்கியில் ஏதோ காப்பீட்டு நிறுவனம்
கணக்கிலிருந்து கழித்துவிட்ட மடிக்கணினியை
நாற்பத்தெட்டு யூரோவுக்கு வாங்கிவந்தேன்.
மூடியில் சொத்து எண் 0713.
எண்ணெய், சாராயம், நகம், ஹேர் டிரையர்,
எதற்கும் மசியவில்லை அந்த ஒட்டுத்தாள்.

முன்பு வைத்திருந்தவர் யாரோ.
அழிக்கும் விசை மட்டும்
ஆற்றுக்கல்லாய் வழவழத்துக் கிடக்கிறது.
யாருடைய இழப்பீட்டுத் தொகையை
எத்தனை முறை அழித்தாரோ.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
மெமரிக்கு இருபத்திரண்டு, எஸ்எஸ்டிக்கு முப்பத்தொன்பது.
பேட்டரி விலையை வெனியமினிடம் சொல்லவில்லை.

சமையல் மேசை. ஜாம் பாட்டில் மூடியில் எட்டுத் திருகாணி.
ஒன்பதாவது தலைதேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது.
ரப்பர் பேண்டை இடையில் வைத்துத் திருகு என்றாள்
லிஃப்ட் பழுதுபார்க்கும் ரைசா, மாடிப்படியிலிருந்தே.
வந்துவிட்டது.

விசிறிக்குள் தூசி, கம்பளிபோல்.
அதில் சிக்கிய நாய்முடி, செம்பட்டை.
அப்படியானால் வீட்டிலிருந்தும் வேலை பார்த்திருக்கிறார்.
நாய்க்கு இப்போது வயதாகியிருக்கும்.

மெமரியைச் சாய்த்துச் செருகி அழுத்தினேன்.
க்ளிக்.
இந்த ஆண்டு என் காதில் விழுந்த
முதல் ஐயமற்ற 'ஆம்'.

பிறகு புது வைஃபை அட்டை.
அதே அளவு, அதே பற்கள், அதே துளை.
கறுப்புத் திரையில் ஒரு வரி:
அனுமதிக்கப்படாத அட்டை. அகற்றிவிட்டு மீண்டும் தொடங்கவும்.

சிரித்தேன். வெனியமின் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தேன்.

இழுப்பறையில் என் சாம்பல்நிறக் கடவுச்சீட்டு.
பிறந்தது இதே ஊர், நான்கு தெரு தள்ளி.
குடியுரிமை: வரையறுக்கப்படாதது.
மொழித்தேர்வு இருமுறை;
இரண்டாம் முறை மூன்றே மதிப்பெண்ணில் போனது.

பழைய அட்டையையே திரும்பப் போட்டேன்.
ஜன்னலோரம் வைத்தால் மட்டும் இணைகிறது.
பதினொரு நொடியில் கண்விழிக்கிறது,
விழித்ததும் ஃபின்னிஷ் மொழியில்
இன்ன நிறுவனத்தின் உடைமை என்று ஒப்பிக்கிறது.
ஒப்பிக்கட்டும்.

தலைமேல் சிறு அலை சுமக்கும் எஸ்தோனிய எழுத்து
இந்த விசைப்பலகையில் பொறிக்கப்படவில்லை.
மொழியை மாற்றிவிட்டு
இரட்டைப் புள்ளி போட்ட விசையைத் தட்டினால்
அலை வருகிறது.

தேர்வுக்குப் பதிய வெள்ளிவரை அவகாசம்.
படிவத்தில் பாதி நிரப்பி, அழித்து,
மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
ஆள்காட்டி விரல் தானாகவே போகிறது
அந்த வழவழத்த விசைக்கு.

பேட்டரி நான்கு மணிநேரம் தாங்குகிறது.
விலையை இன்னும் சொல்லவில்லை.