மீதி ஆறு

சட்டையைத் துவைக்க எடுத்தபோது
பையில் இருந்தது அட்டை.
பத்துக் குழியில் நாலு காலி.
மீதி ஆறு.

காய்ச்சலா என்று கேட்கவில்லை.
காய்ச்சல்காரன் இப்படிக்
கண்ணைத் திறந்துகொண்டு கிடக்க மாட்டான்.

எடிசன் என்று பேர் வைத்தது மாமனார்,
பல்புக்காரரை நினைத்து.
அணையாத ஆளாகவே ஆகிவிட்டார் மகன்.
மூன்று நாள் ஓடிவிட்டு வந்து பாயில் கிடப்பார்.
உடம்பு பள்ளியாடியில்,
வலது கால் மட்டும்
ஆரல்வாய்மொழி இறக்கத்தில் எங்கோ
பிரேக்கைத் தேடி மிதிக்கும்.
என் கெண்டைக்காலில் நீலம் பாரித்திருக்கிறது.

மெடிக்கலில் கேட்டேன்.
"இது நாங்க விக்கியது இல்லக்கா,
யாரு தந்தா?" என்றான் பையன்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினேன்.
மழை இல்லை.

பன்னிரண்டு சக்கரம்.
வள்ளியூர்ப் பக்கம் குவாரியில் கல் ஏற்றினால்
களியக்காவிளை தாண்டிப் போய்த் தட்ட வேண்டும்.
சம்பளம் நாளுக்கு இல்லை, நடைக்கு.
மூணு நடை வண்டிக்காரனுக்கு,
நாலாவது நடைதான் நமக்கு, என்பார்.
அந்த நாலாவதை ஓட்டுவது அவரில்லை.
இது. இந்த வெள்ளைக் குளிகை.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.

கேட்டபோது ஒளிக்கவும் இல்லை.
"ஒருநாள் போடாம ஓட்டினேன்.
காத்தாடிக கிட்ட, ரெண்டரை மணி இருக்கும்.
ரோட்டு நடுவில நம்ம பிள்ளை
யூனிபாமோட நிக்கா.
சவட்டினேன் பாரு,
பின்னால கெடந்த கல்லு மொத்தமும் முன்னால வந்துது.
எறங்கிப் பாத்தா ஒரு சாக்கு.
வெறும் சாக்கு, காத்துல எழும்பி நிக்கு."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
அடுத்த அறையில் பிள்ளை
ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அட்டையை எடுத்துக்கொண்டு
கிணறுவரை போனேன்.
போட்டுவிட்டால் உறங்குவார், நிச்சயம்.
எங்கே வைத்து உறங்குவார்
என்பதுதான் தெரியவில்லை.
பாயிலா,
ஸ்டியரிங்கிலா.
நின்று நின்று கால் குளிர்ந்தது.
திரும்பி வந்து
தேய்த்த சட்டையின் பையில் வைத்தேன்.
விழுந்துவிடாமல் இருக்கப்
பொத்தானையும் போட்டேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம்.
இரண்டரைக்கு அலாரம் வைத்து நானே கூப்பிடுவேன்.
அந்நேரத்துக்கு என்ன பேச?
அயனிமரத்துக் கொப்பு ஓட்டில் உரசுகிறது,
கேஸ் தீர்ந்துபோனது,
சுனிலாவின் கொழுந்தன் கத்தாரிலிருந்து
பெட்டியில்லாமல் வந்து நின்றது.
ஒரு "ம்" வந்தால் அடுத்த பேச்சு.
"ம்" வர ஒரு மூச்சு பிந்தினால்
பேரைச் சொல்லிக் கத்துவேன்.
தெரு நாய்கள் எல்லாம் எழும்பும்.
தோட்டியோடு தாண்டி, தக்கலை தாண்டி,
மார்த்தாண்டம் பாலத்தில் ஏறினதும்
"இனி நீ உறங்கு" என்பார்.
அதற்குள் பால்வெட்டுக்காரர்களின் தலைவிளக்குகள்
ரப்பர் மரங்களுக்கிடையே அலையத் தொடங்கியிருக்கும்.

எட்டு மணிக்கு அண்டி ஆபீஸ்.
கொட்டுவடியை ஓங்கும்போதே
கண் ஒருமுறை அடைந்தது.
அண்டி தெறித்துப் போனது, விரல் அங்கேயே இருந்தது.
முழுப் பருப்புக்குத்தான் இங்கே காசு,
நுறுக்குக்கு ஏச்சு.
அந்த வாரம் முழுக்க என் தட்டில் நுறுக்குதான்.
பிள்ளையின் டியூஷன் காசை
அடுத்த வாரம் என்றேன்.

நேற்றுச் சட்டையைத் துவைக்க எடுத்தேன்.
புது அட்டை. மூன்று குழி காலி.
மீதி ஏழு.

"கை இன்னைக்கு என்னா ஓட்டம் ஓடுது,
மிஷினு தோத்துது" என்கிறாள் சுனிலா.
நான் நிமிரவில்லை.
நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கிறது.
சன்னலுக்கு வெளியே மரச்சீனி இலைகள்
ஒவ்வொன்றும் தனித்தனியாக, விளிம்புவரை
தெரிகின்றன.

இன்றிரவு அலாரம் வேண்டாம்.
காற்றாடிகளின் சிவப்பு விளக்கு தெரிகிற இடத்தில்
அவர் பையைத் தடவுவார்.
பொத்தானை அவிழ்த்து எண்ணுவார்.
மீதி ஆறு.