வீடு பூட்டு

ஆராதனை முடிந்தபின் பின்னறையில்
வில்பிறட் அண்ணரும் நானும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எண்ணுவோம்,
தாள் பறந்துவிடும்.
யன்னலுக்கு வெளியே
டொக்யார்ட் வீதி மான் ஒன்று
யாரோ எறிந்த பிஸ்கட் பெட்டியை
முழு மரியாதையோடு தின்றுகொண்டிருந்தது.

அவர் சில்லறை. நான் உறைகள்.
பேரனுக்கு விசா கிடைத்த நன்றி, ஐயாயிரம்.
பிறந்தநாள், ஆயிரம்.
பிறகு, பெயரில்லாமல்,
கொப்பித்தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டிய உறை.
உள்ளே இருநூறு ரூபாய்.
மேலே நீலப் பேனையில்:
"ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை
லோன்காறி வராமல் பண்ணும்."

லோன்காறி நான்தான்.

அந்த ழகரத்தை எனக்குத் தெரியும்.
வாலைச் சுழிக்காமல் பாதியில் விட்ட ழ.
பன்னிரண்டு கிழமையாக என் அட்டையில்
மகிழ்ராணி என்று ஒப்பமிடுகிறது.
படிவத்தில் கோழி வளர்ப்பு.
உண்மையில் முந்தின கொம்பனியின் கடனைக் கட்ட.
அவளும் அறிவாள், நானும் அறிவேன்,
கோழியை ஒருவரும் விசாரித்ததில்லை.

"எவ்வளவு?" என்றார் அண்ணர்.
"இருநூறு."
விண்ணப்பங்களைத் தனியே வைப்போம்.
புதன் ஜெபக்கூட்டத்தில் போதகர் வாசிப்பார்.
செவ்வாய் அதற்கு முன்னமே வந்துவிடும்.

சற்று முன்தான் எழுந்து, கண்மூடி,
எங்கள் கடனாளிகளை மன்னிப்பதாக
நூற்றைம்பது பேர் ஒரே மூச்சில் சொன்னோம்.
எங்கள் ஜெபத்தில் அந்தச் சொல் கடன்தான்.
பக்கத்துக் கோயிலில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.
குற்றமென்றால் மன்னிப்பது சுகம்,
தவணையில்லை, வட்டியில்லை.

இப்படியும் யோசித்தேன், ஆண்டவரே:
கடன் என்னுடையதல்ல.
அது கொழும்பில், ஐந்தாம் மாடியில்,
குளிரூட்டிய அறையில் இருக்கிறது.
என்னிடம் இருப்பது கை மாத்திரம்.
உடனே ஒரு தேசாதிபதியும்
ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் ஞாபகம் வந்தன.
அவரிடமும் கை மாத்திரமே இருந்தது.

ஆயத்துறையில் இருந்தவனை
எழுந்து வா என்றீர். எழுந்தான்.
அடுத்த மாதம் அவன் வீட்டு அடுப்பைப் பற்றி
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
என் ஸ்கூட்டியும் லீசிங்கில்தான்.
மகனுக்கு இந்த வருடம் சாதாரண தரம்.

நான் போகாவிட்டால் நிரோஜனை அனுப்புவார்கள்.
கதிரை கேட்டு வாங்கி முற்றத்தில் போட்டு
இருட்டும்வரை இருப்பான்,
அவளுடைய மூத்தவளைப் பார்த்துச் சிரித்தபடி.
அப்போதும் அந்த ஜெபம்
கேட்கப்பட்டதாகவே கணக்கில் வரும்:
லோன்காறி வரவில்லை.

அவள் பின்வரிசை.
காணிக்கை எண்ணுவது நான் என்று
தெரியாமல் எழுதினாளா?
தெரிந்தேதானா?
உறையின் பசை காயவே இல்லை.

செவ்வாய். சாம்பல்தீவுப் பாலம்.
மாரி பெய்து களப்பு முட்டி நின்றது,
இடுப்பளவு தண்ணீரில் இறாலுக்கு வலை வீசினார்கள்.
என் பையில் அட்டைகள், ரசீதுப் புத்தகம்,
அந்த உறை.
காசு உண்டியல் கணக்கில் இருக்கிறது,
உறையை மட்டும் எடுத்தேன்.
நாளைக்குப் போதகருக்கு ஒரு விண்ணப்பம் குறையும்.

கதவு சாத்தியிருந்தது.
வாசலில் செருப்புகள், நான்கு சோடி.
உள்ளே மூச்சை அடக்கியிருப்பார்கள்.
சின்னவனின் வாயைப் பொத்தியிருப்பாள்.
ஜெபம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது.

உம்மைப் போல நானும்
வாசற்படியில் நிற்கிறேன் என்று சொல்ல ஆசைதான்.
நீர் தட்டுவது தவணைக்கல்லவே.

அட்டையை எடுத்தேன்.
'வீடு பூட்டு. ஆளில்லை' என்று எழுதி
என் ஒப்பத்தையும் வைத்தேன்.
பொய்ச்சாட்சி. தெரியும்.
அந்தக் கட்டளையை
ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் நானே.

ஒரு கிழமைக்குச் செல்லுபடியாகும் அது.
அடுத்த செவ்வாய் இரண்டு தவணை.
இடையில் ஒரு ஞாயிறு இருக்கிறது.